தன்னார்வத் தீயணைப்பு நிலையத்துக்கு ஃபெமா மானியம் பெறுவது எப்படி: முதன்முறை விண்ணப்பிப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்காவின் சிறு ஊர்களில் வீடு வாங்கிக் குடியேறும் தமிழர்கள் பலருக்கு ஒரு விஷயம் தாமதமாகத்தான் தெரியவருகிறது. 911-ஐ அழைத்தால் சைரன் ஒலியோடு வந்து நிற்கும் வண்டியிலிருந்து இறங்குபவர்களில் பலர் சம்பளம் வாங்காதவர்கள். நம் ஊரில் தீயணைப்பு என்றால் அரசுத் துறை. இங்கே நாட்டின் தீயணைப்பு வீரர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் தன்னார்வலர்கள். பென்சில்வேனியாவில் நான் உறுப்பினராக இருக்கும் ஃபயர் கம்பெனியும் லாப நோக்கற்ற ஒரு சங்கம்தான். பிங்கோவும் சிக்கன் பார்பிக்யூவும் நடத்தித்தான் வண்டிக்கு டீசல் போடுகிறது.

இத்தகைய நிலையங்களில் தீயை அணைக்கப் போகாமல், கணக்கு எழுதவும் காகித வேலை பார்க்கவும் மட்டுமே சேரலாம். அந்த வேலைக்குத்தான் ஆள் கிடைப்பதில்லை. எக்செல் அட்டவணையோடு பழகிய கைகள் நம்மவர்களிடம் நிறைய உண்டு. ஒரே ஓர் எச்சரிக்கை: சில நிலையங்கள் அழைப்புக்கு இவ்வளவு என்று சிறு தொகை தருகின்றன. விசாவில் இருப்பவர்கள் அந்தப் பணத்தைத் தொடுவதற்கு முன் குடிவரவு வழக்கறிஞரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பாதுகாப்பு உடையும் மூச்சுக் கருவியும் வாங்குவதற்கான மத்திய அரசு மானியம் பற்றியே இந்தக் கட்டுரை. எங்கள் நிலையத்துக்காக இந்தப் பாதையில் நடந்தபோது படிப்படியாகச் சொல்லித் தர ஒருவரும் இல்லை. விதிகளைச் சொல்லும் மானிய அறிவிக்கை நூறு பக்கத்துக்கு மேல் நீளக்கூடியது. எதை முதலில் செய்வது என்பது அதைப் படித்தாலும் எளிதில் விளங்காது. நான் கண்டவரை, விண்ணப்பம் திறந்திருக்கும் சில வாரங்களில் செய்வது பாதி வேலைகூட இல்லை. அதற்கு முந்திய மூன்று, நான்கு மாதங்களில் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டால் எழுதுவது சுலபம். செய்யாவிட்டால் எவ்வளவு அழகாக எழுதினாலும் பயனில்லை.

1. எந்த மானியம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

ஃபெமா எனப்படும் மத்திய அவசரகால மேலாண்மை முகமை தீயணைப்புக்காக மூன்று மானியங்கள் வழங்குகிறது. ஆள் சேர்க்கவும் தக்கவைக்கவும் 'சேஃபர்'. தீத்தடுப்பு விழிப்புணர்வுக்கும் ஆய்வுக்கும் ஒன்று. உடை, மூச்சுக் கருவி, வண்டி, பயிற்சி ஆகியவற்றுக்கு 'ஏ.எஃப்.ஜி.'. நமக்கு வேண்டியது இந்த மூன்றாவது.

பெருநகரப் படைகளோடு மோத வேண்டியிருக்குமோ என்று தயங்க வேண்டாம். மொத்த நிதியில் குறைந்தது 25 சதவீதம் தன்னார்வ நிலையங்களுக்குப் போக வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. உங்கள் நிலையம் தன்னார்வ வகையா, சம்பள ஊழியரும் உள்ள கலப்பு வகையா என்பதை அறிவிக்கையில் உள்ள வரையறையைப் படித்துக் குறியுங்கள். ஊர்வழக்கை நம்பிக் குறிக்காதீர்கள்.

ஆறு தலைக்கவசமும் சில ஜோடிக் கையுறையும்தான் தேவை என்றால் ஏ.எஃப்.ஜி. வேண்டாம் என்பேன். அந்தத் தொகைக்கு இவ்வளவு காகித வேலை தகாது. வேறு வழிகள் உண்டு. 10,000 அல்லது அதற்குக் குறைவான மக்கள்தொகை கொண்ட ஊர்களுக்கு அமெரிக்க வனத்துறையின் 'தன்னார்வத் தீயணைப்பு உதவி' நிதி மாநில வனத்துறை வழியாகக் கிடைக்கிறது. இதில் பாதிச் செலவு உங்களுடையது. காட்டுத்தீக் கருவிகளுக்கு ஏற்றது. ஃபயர்ஹவுஸ் சப்ஸ் என்ற சாண்ட்விச் உணவக நிறுவனத்தின் அறக்கட்டளை காலாண்டுதோறும் விண்ணப்பம் வாங்குகிறது. எண்ணிக்கை நிரம்பியவுடன் மூடிவிடும் என்பதால் திறக்கும் நாளன்றே அனுப்புங்கள். மாநில அளவிலும் பாருங்கள். பென்சில்வேனியாவில் மாநிலத் தீயணைப்பு ஆணையர் அலுவலகம், டெக்சாஸில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் வனத்துறை என்று ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஓர் இடம் இருக்கும்.

2. பெயரும் முகவரியும் எண்ணும் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்கட்டும்

மத்திய அரசின் எந்த மானியத்துக்கும் 'சாம்.கவ்' தளத்தில் அமைப்பைப் பதிவு செய்திருக்க வேண்டும். விண்ணப்பங்கள் அதிகம் சிக்கி நிற்கும் இடம் இதுதான் என்பதால் இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் வருமான வரித்துறை உங்கள் நிலையத்துக்குக் கொடுத்த இ.ஐ.என். என்ற வரி அடையாள எண்ணுக்கான கடிதத்தைத் தேடி எடுங்கள். சி.பி. 575 என்று அதன் மூலையில் அச்சாகியிருக்கும். பல நிலையங்களில் அது நாற்பது ஆண்டுகளுக்கு முந்திய செயலாளர் வீட்டுப் பரணில் இருக்கலாம். கிடைக்காவிட்டால் வருமான வரித்துறையைத் தொலைபேசியில் அழைத்து 147சி என்ற மாற்றுக் கடிதம் கேளுங்கள். இதற்குக் கட்டணம் இல்லை. ஆனால் நிலையத்தின் சார்பில் பேச அதிகாரம் உள்ள நிர்வாகி ஒருவரே அழைக்க வேண்டும்.

அந்தக் கடிதத்தில் உள்ள பெயரை எழுத்துக்கு எழுத்து பாருங்கள். இங்குள்ள நிலையங்களின் சட்டப் பெயர்கள் நீளமானவை. 'நம்பர் 1' என்று ஒரு வால் இருக்கும், 'இன்கார்ப்பரேட்டட்' என்று இன்னொரு வால் இருக்கும். வங்கிக் கணக்கில் முதல் வால் இருக்காது. மின்கட்டண ரசீதில் இரண்டுமே இருக்காது. மனிதர்களுக்கு இவையெல்லாம் ஒரே நிலையம். சாம்.கவ்வின் சரிபார்ப்புக்கு இவை மூன்று வெவ்வேறு அமைப்புகள்.

முகவரியும் அப்படித்தான். தபால் பெட்டி எண்ணை இருப்பிட முகவரியாக ஏற்க மாட்டார்கள். பெரும்பாலான நிலையங்களின் கடிதங்கள் எல்லாம் தபால் பெட்டிக்கே வருகின்றன. சட்டப் பெயரும் தெரு முகவரியும் சேர்ந்து அச்சான, அண்மைய ஆண்டுகளின் ஆவணம் ஒன்றாவது வேண்டும். இல்லையென்றால் வங்கியிடமோ மின் நிறுவனத்திடமோ பெயரையும் முகவரியையும் திருத்தச் சொல்லி, திருத்திய ரசீது வரும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு மாதம் இதிலேயே போய்விடும்.

பென்சில்வேனியாக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. நம் நிலையங்களில் ஒரே கட்டடத்துக்குள் மூன்று அமைப்புகள்வரை இருக்கக்கூடும்: ஃபயர் கம்பெனி, தீயணைப்பு வீரர் நிவாரணச் சங்கம், சில இடங்களில் சமூகக் கூடம் நடத்தும் கிளப். ஒவ்வொன்றுக்கும் தனி இ.ஐ.என். உண்டு. பொருளாளர் ஒருவரே மூன்றுக்கும் கையெழுத்திடுவதால் எண் மாறிப்போவது எளிது. ஃபயர் கம்பெனியின் எண்ணைத்தான் பயன்படுத்த வேண்டும்.

தளத்தில் நுழைந்ததும் இரண்டு வழிகள் காட்டும். அடையாள எண் மட்டும் பெறுவது ஒன்று, முழுப் பதிவு மற்றொன்று. முதலாவதைச் சொடுக்கினால் யு.இ.ஐ. என்ற பன்னிரண்டு எழுத்து அடையாளம் உடனே கிடைக்கும். வேலை முடிந்ததுபோலத் தோன்றும். மானியத்துக்கு அது போதாது. முழுப் பதிவைத் தேர்ந்தெடுங்கள். எதற்காகப் பதிவு என்று கேட்கும்போது 'நிதி உதவி மட்டும்' என்பதைக் குறித்தால் ஒப்பந்ததாரர்களுக்கான நீண்ட கேள்விப் பட்டியலிலிருந்து தப்பிக்கலாம்.

பதிவுக்கு ஒரு காசும் கட்டணம் இல்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பதிவு செய்த சில நாட்களில் தொலைபேசி அழைக்கும். 'உங்கள் பதிவு முழுமையாகவில்லை, இன்றே கட்டாவிட்டால் மானியம் போய்விடும்' என்று அரசு அலுவலகம்போலப் பேசுவார்கள். தளத்தில் உள்ள உங்கள் விவரங்கள் பொதுவெளியில் தெரிவதால் எண்ணைப் பிடிக்கிறார்கள். நூற்றுக்கணக்கான டாலர் கேட்பார்கள். வயதான பொருளாளர்கள் பயந்து கட்டிவிடுகிறார்கள் என்பது எனக்குப் பெரும் வருத்தம். உங்கள் நிலையத்தில் தொலைபேசி எடுக்கும் ஒவ்வொருவரிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தாலும் பதிவு முடிய வாரங்கள் ஆகும். இரண்டு மாதம் ஒதுக்குங்கள். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். காலாவதியாக இருந்தால் விண்ணப்பமும் நகராது, பிறகு பணமும் வராது.

3. ஃபெமா கோ தளத்தில் யார் யாருக்கு என்ன பங்கு

விண்ணப்பம் நிரப்புவது 'ஃபெமா கோ' என்ற வேறொரு தளத்தில். நிலையத்தின் சார்பில் கையெழுத்திடும் அதிகாரப்பூர்வப் பிரதிநிதி ஒருவரை அதில் நியமிக்க வேண்டும். வழக்கமாக, தீயணைப்புப் பணிக்குத் தலைமை தாங்கும் சீஃப் அல்லது சங்கத் தலைவர். நீங்கள் நிரப்பலாம், திருத்தலாம். கடைசிப் பொத்தானை அழுத்த வேண்டியவர் அவரே.

'என் கடவுச்சொல்லை வைத்துக்கொள், நீயே பார்த்துக்கொள்' என்று சீஃப் சொல்வார். வாங்காதீர்கள். கடவுச்சொல் பகிர்வது விதிக்குப் புறம்பானது. கணக்கு முடக்கப்பட்டால் கடைசி வாரத்தில் மீட்க நேரம் இருக்காது.

4. அலமாரிகளைத் திறந்து கணக்கெடுங்கள்

மானியம் உண்மையில் தீர்மானமாகும் இடம் நிலையத்தின் உடை அலமாரி. ஒரு சனிக்கிழமை காலை இரண்டு பேர் போதும். ஒருவர் லேபிளைப் படிக்க, இன்னொருவர் எழுத.

தீயணைப்புக் கோட்டின் உட்புறத்தில் வெள்ளை லேபிள் தைத்திருப்பார்கள். தயாரித்த மாதமும் ஆண்டும் வரிசை எண்ணும் அதில் இருக்கும். பழைய கோட்டுகளில் வியர்வையும் புகையும் ஏறி எழுத்து மங்கியிருக்கும். கைப்பேசி விளக்கைச் சாய்வாகப் பிடித்தால் படிக்கலாம். கோட்டும் காற்சட்டையும் ஒரே ஆண்டைச் சேர்ந்தவையாக இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். விலகிப்போனவரின் கோட்டு ஒருவருக்கும் காற்சட்டை இன்னொருவருக்கும் போயிருக்கும். தனித்தனியாக எழுதுங்கள். ஒவ்வொரு லேபிளையும் படம் எடுத்து வையுங்கள்.

தயாரித்த நாளிலிருந்து பத்து ஆண்டுகளில் உடையை ஓய்வுபெறச் செய்ய வேண்டும் என்பது என்.எஃப்.பி.ஏ. எனப்படும் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் தரவிதி. அலமாரியில் தொங்கிக்கொண்டே இருந்தாலும் பத்து ஆண்டுதான். வெளித்துணி நன்றாகத் தெரியும்போது எதற்கு மாற்ற வேண்டும் என்று பழைய உறுப்பினர்கள் கேட்பார்கள். கோட்டுக்கு மூன்று அடுக்குகள் உண்டு. நடுவில் உள்ள ஈரத்தடுப்புப் படலம் காலத்தால் நைந்துபோவது வெளியே தெரியாது. நைந்த படலத்தின் வழியே சூடான நீராவி உள்ளே புகுந்து தோலை வேகவைத்துவிடும். இதை அவர்களுக்குச் சொல்லுங்கள். விண்ணப்பத்திலும் சொல்லுங்கள்.

மூச்சுக் கருவிக்கு, அதாவது எஸ்.சி.பி.ஏ.வுக்கு, இரண்டு தேதிகள் முக்கியம். ஒன்று, என்.எஃப்.பி.ஏ.வின் 1981 என்ற எண்ணுள்ள தரவிதியின் எந்தப் பதிப்பின்படி கருவி தயாரானது என்பது. 2002, 2007, 2013, 2019 என்று பதிப்புகள் வந்திருக்கின்றன. இரண்டு பதிப்புகள் பின்தங்கியவற்றை மாற்றுவதற்கு முன்னுரிமை கிடைக்கும். மற்றொன்று, சிலிண்டரின் வயது. கார்பன் இழை சுற்றிய சிலிண்டர்களின் ஆயுள் பொதுவாக 15 ஆண்டுகள், ஐந்தாண்டுக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனை கட்டாயம். சோதனை நாள் சிலிண்டரின் மேலேயே ஒட்டப்பட்டிருக்கும். ஆயுள் முடிந்த சிலிண்டர் எத்தனை என்று எண்ணுங்கள்.

எத்தனை கருவி கேட்கலாம் என்பதற்கும் அளவு உண்டு. முழுக் கருவிகளின் எண்ணிக்கையை வண்டிகளில் உள்ள இருக்கைகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். முகக்கவசம் மட்டும் ஆளுக்கு ஒன்று கேட்கலாம். உடை, தீயணைக்கச் செல்லும் உறுப்பினருக்கு ஒரு தொகுதி. வாழ்நாள் உறுப்பினர், கூடத்தில் சமைப்பவர், என்னைப்போலக் கணக்கு எழுதுபவர் இந்த எண்ணிக்கையில் வரக்கூடாது. உறுப்பினர் எண்ணிக்கை ஒரு கேள்வியில் 32 என்றும் இன்னொன்றில் 27 என்றும் இருந்தால் மதிப்பிடுபவர் அங்கேயே நம்பிக்கை இழப்பார்.

கடந்த மூன்று ஆண்டுகளின் அழைப்பு விவரங்களையும் இப்போதே எடுத்து வையுங்கள். கட்டடத் தீ எத்தனை, வாகன விபத்து எத்தனை, அண்டை ஊருக்கு உதவிக்குப் போனது எத்தனை என்றெல்லாம் விண்ணப்பம் கேட்கும். தேசிய அளவில் இவற்றைப் பதிவு செய்யும் பழைய 'என்ஃபிர்ஸ்' தளத்தின் இடத்தில் இப்போது 'நெரிஸ்' வந்துவிட்டது. உங்கள் நிலையம் அதில் சேர்ந்துவிட்டதா என்று பாருங்கள்.

5. விலையும் உள்ளூர்ப் பங்கும்

ஒரு முழு உடைத் தொகுதி ஏறத்தாழ 3,000 முதல் 5,000 டாலர்வரை ஆகும். இரண்டு சிலிண்டரோடு ஒரு மூச்சுக் கருவி பெரும்பாலும் 7,000 முதல் 10,000 டாலர், சில சமயம் அதற்கும் மேல். இரண்டு, மூன்று விற்பனையாளர்களிடம் எழுத்து வடிவில் விலைப்புள்ளி வாங்குங்கள். அதன் ஆயுள் முப்பது நாளோ தொண்ணூறு நாளோதான் இருக்கும். நீங்கள் வாங்கப் போவதோ ஓராண்டுக்கும் மேல் கழித்து. இடையில் விலை ஏறினால் கூடுதல் தொகை ஃபெமாவிடமிருந்து வராது. ஆகவே 'அடுத்த ஆண்டு இறுதியில் வாங்கினால் என்ன விலை' என்று கேட்டு, அந்த விலையை எழுதுங்கள். ஏன் அந்த விலை என்று ஒரு வரியில் விளக்கவும் செய்யுங்கள்.

உங்கள் நிலையம் காக்கும் பகுதியின் மக்கள்தொகை 20,000 அல்லது அதற்குக் குறைவு என்றால், நிலையம் தானே போட வேண்டிய உள்ளூர்ப் பங்கு 5 சதவீதம். அதற்கு மேல் பத்து லட்சம்வரை 10 சதவீதம், அதையும் தாண்டினால் 15. இந்தச் சதவீதம் மொத்தத் திட்டச் செலவின் மீது கணக்கிடப்படுவதில்லை, மத்திய அரசு தரும் தொகையின் மீது கணக்கிடப்படுகிறது. பன்னிரண்டு மூச்சுக் கருவி, ஒன்று 9,000 டாலர் என்றால் மொத்தம் 1,08,000. அதை 1.05-ஆல் வகுத்தால் 1,02,857 மத்திய அரசின் பங்கு. மீதி 5,143 உங்களுடையது. தளமே இதைக் கணக்கிட்டுத் தரும். சங்கக் கூட்டத்தில் தீர்மானம் போடும்போது சரியான தொகை பதிவாக வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இந்தப் பங்கு ரொக்கமாக இருக்க வேண்டும். 'எங்கள் ஆட்களின் உழைப்பு நேரத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்' என்பது இங்கே செல்லாது. விண்ணப்பிக்கும் நாளில் பணம் கையில் இருக்க வேண்டியதில்லை. எங்கிருந்து வரும் என்று சொல்லத் தெரிய வேண்டும். மற்றொரு மத்திய நிதியை இதற்குப் பயன்படுத்துவது பொதுவாக அனுமதிக்கப்படுவதில்லை.

நிவாரணச் சங்கத்தின் பணத்தைத் தொட நினைப்பவர்கள் மாநிலத் தணிக்கையாளரின் விதிகளைப் படித்துவிட்டுத் தொடுங்கள். வெளிமாநிலக் காப்பீட்டு நிறுவனங்களின் தீக்காப்பீட்டு வரியிலிருந்து வரும் பணம் அது. அதில் வாங்கியவை நிவாரணச் சங்கத்தின் உடைமையாகவே இருக்க வேண்டும். ஒரே கருவிக்கு இரண்டு உடைமையாளர் என்ற நிலை வந்தால் இரண்டு தணிக்கையிலும் கேள்வி வரும்.

இன்னொரு நிபந்தனையைப் பலர் கவனிப்பதில்லை. இதே வகைச் செலவுக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் சராசரியாக எவ்வளவு செலவிட்டீர்களோ அதில் 80 சதவீதத்தையாவது மானியக் காலம் முழுவதும் தொடர்ந்து செலவிட வேண்டும். மானியம் வந்துவிட்டது என்று உள்ளூர் ஒதுக்கீட்டை டவுன்ஷிப், அதாவது ஊரின் உள்ளாட்சி, வெட்டினால் சிக்கல் உங்களுக்கு. நிர்வாகக் குழுவிடம் இதை முன்கூட்டியே எழுத்தில் தெரிவியுங்கள்.

மூச்சுக் கருவியோடு வரும் தொடர் செலவுகளையும் கணக்கில் கொள்ளுங்கள்: ஆண்டுதோறும் முகக்கவசப் பொருத்தச் சோதனை, மருத்துவப் பரிசோதனை, சிலிண்டர் சோதனை. இவற்றை நிலையம்தான் சுமக்க வேண்டும்.

6. நான்கு விளக்கவுரைகளை எழுதுவது

கேள்விகளுக்கான பதில்களைக் கணினி முதலில் மதிப்பிடும். அதில் தேறியவை மூன்று தீயணைப்புத் துறையினர் கொண்ட குழுவிடம் போகும். அவர்கள் படிப்பது நான்கு பகுதிகள்: நிதித் தேவை, திட்டமும் வரவு செலவும், செலவுக்கேற்ற பலன், அன்றாடப் பணியில் விளைவு. நான்குக்கும் சம மதிப்பெண்.

படிப்பவர்கள் அதிகாரிகள் அல்லர், தாங்களே மூச்சுக் கருவி மாட்டிப் புகைக்குள் போனவர்கள். அலங்கார நடை அவர்களிடம் எடுபடாது. 'எங்கள் வீரர்கள் தங்கள் உயிரைப் பணயம் வைக்கிறார்கள்' என்று அவர்களுக்கே சொல்வதில் பொருளில்லை. '24 கோட்டுகளில் 17 பத்து ஆண்டைக் கடந்தவை, அவற்றில் 6 கோட்டுகளின் லேபிளே படிக்க முடியவில்லை' என்பதுபோல எழுதுங்கள். சனிக்கிழமை எடுத்த கணக்கு இங்கேதான் கைகொடுக்கும்.

நிதித் தேவையில் வரவு செலவை எண்களோடு வையுங்கள். டவுன்ஷிப் தருவது எவ்வளவு, தவக்கால மீன் வறுவல் விருந்தில் வருவது எவ்வளவு, வண்டிக் கடன் தவணை எவ்வளவு, காப்பீடு எவ்வளவு. வங்கியில் சேமிப்பு இருந்தால் மறைக்காதீர்கள். அது எதற்காக ஒதுக்கியது என்று கூறுங்கள். கூரை மாற்றுவதற்கோ அடுத்த வண்டியின் முன்பணத்துக்கோ ஒதுக்கியது என்றால் படிப்பவருக்குப் புரியும். விளக்கமில்லாத சேமிப்புதான் சந்தேகம் கிளப்பும். வேறு எங்கெல்லாம் கேட்டுப் பார்த்தீர்கள், என்ன பதில் வந்தது என்பதும் இங்கே வர வேண்டும்.

திட்டப் பகுதியில் ஒவ்வொரு பொருளுக்கும் எண்ணிக்கை, விலை, அந்த எண்ணிக்கைக்குக் காரணம். பலன் பகுதியில் அண்டை நிலையங்கள் வர வேண்டும். பெரிய தீ என்றால் மூன்று, நான்கு நிலையங்கள் சேர்ந்துதான் அணைக்கின்றன. ஒரு நிறுவனத்தின் சிலிண்டர் இன்னொன்றின் கருவியில் பொருந்தாது. சுற்றியுள்ள நிலையங்கள் எல்லாம் ஒரு வகை வைத்திருக்க உங்களிடம் மட்டும் வேறு வகை இருந்தால், தீக்களத்தில் காற்று தீரும்போது அடுத்தவர் சிலிண்டரை வாங்கி மாட்ட முடியாது. இது உங்கள் நிலைமை என்றால் அதையே மையமாக வைத்து எழுதுங்கள்.

அன்றாடப் பணி பகுதியில் இன்று என்ன நடக்கிறது என்பதை நேராக எழுதினால் போதும். ஆறு பேர் வண்டியில் போய் நான்கு கருவிதான் இருக்கிறது என்றால், உள்ளே இருவர் நுழையும்போது வெளியே மீட்புக்கு ஆயத்தமாக இருவர் நிற்க வேண்டும் என்ற விதிக்குப் பிறகு ஒரு கருவிகூட மிஞ்சாது. ஒன்று பழுதானால் என்ன ஆகும் என்பதை அந்தத் துறைக்காரர் தானே புரிந்துகொள்வார்.

இணையத்தில் வெற்றிபெற்ற விண்ணப்பங்கள் கிடைக்கும். அமைப்பைப் பாருங்கள், வாக்கியங்களை எடுக்காதீர்கள். வேறு விண்ணப்பத்தோடு ஒத்துப்போகும் உரைகளை ஃபெமா தகுதிநீக்கம் செய்யலாம். கூலிக்கு எழுதித் தருபவர்களிடமும் இதே ஆபத்து உண்டு, ஒரே உரையை ஊர்ப்பெயர் மாற்றிப் பல நிலையங்களுக்குக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். 'மானியம் வந்தால் இத்தனை சதவீதம்' என்று பேரம் பேசுபவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். அந்த ஏற்பாட்டுக்கு மானியத்தில் இடமில்லை.

7. சாளரமும் சமர்ப்பிப்பும்

விண்ணப்பச் சாளரத்துக்கு, அதாவது விண்ணப்பம் வாங்கும் காலத்துக்கு, நிலையான மாதம் கிடையாது. 2023 நிதியாண்டுக்கானது 2024 ஜனவரி 29 முதல் மார்ச் 8 வரை திறந்திருந்தது. அடுத்ததும் அதே 2024-இல், நவம்பர் 12-இல் திறந்து டிசம்பர் 20-இல் மூடியது. ஜனவரிக்குக் காத்திருந்தவர்கள் தவறவிட்டிருப்பார்கள். ஃபெமாவின் மின்னஞ்சல் பட்டியலில் பெயர் கொடுத்து வையுங்கள்.

முடிவு நேரம் கிழக்கு நேரப்படி மாலை 5 மணி. கலிபோர்னியாவில் அது பகல் 2 மணி. கடைசி நாளில் தளம் மந்தமாகிவிடும். மூன்று நாள் முன்பே அனுப்பிவிடுங்கள். உரையைத் தனிக் கோப்பில் எழுதி ஒட்டுங்கள். ஒட்டும்போது பத்தி இடைவெளியும் அட்டவணையும் குலையும், எழுத்து வரம்பில் வால் அறுபடும். ஒட்டியபின் கடைசி வரிவரை படித்துப் பாருங்கள்.

8. காத்திருக்கும் காலத்தில்

பல மாதங்கள் ஒன்றும் நடக்காது. அந்தக் காலத்தில் கருவியை வாங்கிவிடாதீர்கள். மானிய ஒப்புதலுக்கு முன் செய்த செலவுக்குப் பொதுவாகப் பணம் கிடைக்காது. ஃபெமாவிடமிருந்து விளக்கம் கேட்டு மின்னஞ்சல் வரலாம், எனவே சீஃபின் அஞ்சல்பெட்டியையும் குப்பை அஞ்சலையும் வாரம் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். சாம்.கவ் புதுப்பிப்பு நாள் இடையில் வந்தால் தவறவிடாதீர்கள்.

9. ஒப்புதல் வந்தபின்

முப்பது நாட்களுக்குள் ஏற்பைத் தளத்தில் பதிவு செய்ய வேண்டும். செயல்படுத்த அண்மைய ஆண்டுகளில் 24 மாதம் தருகிறார்கள். கருவி தயாராகி வருவதற்கே பல மாதம் பிடிக்கும் என்பதால் முதல் மாதத்திலேயே கொள்முதலைத் தொடங்குங்கள்.

மானியப் பணத்தில் வாங்குவதற்கு மத்திய அரசின் கொள்முதல் விதிகள் பொருந்தும். போட்டி இருக்க வேண்டும். பல நாள் பழகிய விற்பனையாளர் 'விவரக்குறிப்பை நானே எழுதித் தருகிறேன்' என்பார். உதவியாகத்தான் சொல்வார். ஆனால் விவரக்குறிப்பை எழுதியவர் அந்தப் போட்டியில் கலந்துகொள்ள முடியாது. ஒரே நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிட்டு 'அல்லது அதற்கு இணையானது' என்று சேர்க்காமல் விடுவதும் தவறாகும். அண்டை நிலையங்களோடு பொருந்த வேண்டும் என்பதற்காக ஒரே வகை தேவை என்றால் அந்தக் காரணத்தை எழுதிக் கோப்பில் வையுங்கள்.

உடை துவைக்கும் பெரிய இயந்திரமோ காற்று நிரப்பும் நிலையமோ கேட்டிருந்தால், கட்டடத்தில் பொருத்துவதற்கு முன் சுற்றுச்சூழல், வரலாற்றுப் பாதுகாப்பு ஆய்வு முடிய வேண்டும். உடைக்கும் மூச்சுக் கருவிக்கும் இது தேவைப்படாது. முதன்முறை விண்ணப்பிப்பவர்கள் சுவரில் துளையிட வேண்டிய எதையும் கேட்காமல் இருப்பது நல்லது என்பது என் கருத்து.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஜூலை 30-க்குள்ளும் ஜனவரி 30-க்குள்ளும், பணி அறிக்கையும் நிதி அறிக்கையும் போக வேண்டும். எதுவும் வாங்காத அரையாண்டிலும் அனுப்ப வேண்டும். அறிக்கை பாக்கி இருந்தால் பணக் கோரிக்கை நிற்கும். காலம் முடிந்தபின் 120 நாட்களுக்குள் கணக்கை முடித்து, அதன்பின் மூன்று ஆண்டுகளுக்கு விலைப்புள்ளி, ரசீது, காசோலைப் படி, புதிய கருவிகளின் வரிசை எண் பட்டியல் எல்லாம் எடுத்த எடுப்பில் கிடைக்கும்படி வையுங்கள். சங்கத் தேர்தலில் பொருளாளர் மாறினால் கோப்பும் அவர் வீட்டுக்குப் போய்விடும். ஒரு படி நிலையத்தில் இருக்கட்டும்.

10. நிராகரித்தால்

பெரும்பாலான நிலையங்களுக்கு முதல் முறையில் கிடைப்பதில்லை. வரும் கடிதத்தில் காரணம் பொதுப்படையாகத்தான் இருக்கும். ஃபெமாவின் பத்து மண்டலங்களிலும் தீயணைப்பு மானியத்துக்கென்று வல்லுநர்கள் இருக்கிறார்கள். சாளரம் மூடியிருக்கும் மாதங்களில் தொலைபேசியில் பொறுமையாகப் பேசுவார்கள். அடுத்த முறை அதே உரையை அப்படியே அனுப்பாதீர்கள். கோட்டுகளுக்கு ஓர் ஆண்டு கூடியிருக்கும், அழைப்புகள் கூடியிருக்கும், விலை ஏறியிருக்கும். அட்டவணையைப் புதுப்பித்து, அதற்கேற்ப எழுதுங்கள்.

மதிப்பீட்டுக் குழுவில் அமர விருப்பமுள்ள தீயணைப்புத் துறையினரையும் ஃபெமா அவ்வப்போது அழைக்கிறது. உங்கள் சீஃபையோ அனுபவமுள்ள கேப்டனையோ பெயர் கொடுக்கச் சொல்லுங்கள். பிறர் விண்ணப்பங்களை ஒரு வாரம் படித்துவிட்டு வருபவர், உங்கள் அடுத்த உரையில் எந்த வரியை நீக்க வேண்டும் என்று வந்த அன்றே சொல்லிவிடுவார்.